இலவச ஐகான் எங்கே எடுப்பது? கேள்வி பதில்

கேள்வி: கூகிளில் 'ஃப்ரீ ஐகான்' என்று தேடி, வருவதை எடுத்துப் போடலாமா அண்ணா? ஒரு கடைக்குத்தான் தளம் செய்கிறேன்.

பதில்: வேண்டாம் தம்பி. நானும் ஒரு துணிக்கடைத் தளத்தில் அப்படித்தான் ஒரு லாரி ஐகானை எடுத்துப் போட்டேன், ஆறு மாதம் கழித்து அதை வரைந்தவர் மெயில் அனுப்பினார், பெயர் போடச் சொல்லியிருந்தேனே, ஏன் போடவில்லை என்று. நியாயமான கேள்வி, உழைத்து வரைந்தவர் அவர். அன்றிலிருந்து லைசென்ஸைப் படிக்காமல் நான் எதையும் இறக்குவதில்லை. எம்ஐடி, ஐஎஸ்சி, அப்பாச்சி 2.0 என்றிருந்தால் கடைத் தளத்திலும் தாராளமாகப் போடலாம், பக்கத்தில் நன்றி வரி தேவையில்லை, கோப்போடு வரும் லைசென்ஸ் குறிப்பை மட்டும் நீக்காதீர்கள். சிசி பை (கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் ஒரு வகை) என்றால் வரைந்தவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். அதோடு என்சி, அதாவது நான்-கமர்ஷியல், என்று ஒட்டியிருந்தால் வணிகத்துக்கு ஆகாது.

கேள்வி: அப்போ எந்தத் தொகுப்பு நல்லது?

பதில்: என் முதல் தேர்வு லூசைட். அதில் கிடைக்காதது பெரும்பாலும் டேப்ளரில் இருக்கும், 5000க்கு மேல் ஐகான்கள். கூகிளின் மெட்டீரியல் சிம்பல்ஸும் நல்லதுதான். ஆனால் ஒரு தளத்துக்கு ஒரே தொகுப்பு. லூசைடில் எல்லாமே 24க்கு 24 கட்டத்தில் 2 பிக்சல் கோட்டால் வரைந்தவை, அதன் பக்கத்தில் வேறெங்கிருந்தோ எடுத்த தடித்த கூடையை வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் லோகோ?

பதில்: சிம்பிள் ஐகான்ஸ் என்ற தொகுப்பில் எடுங்கள். லைசென்ஸ் சிசி0தான், அதாவது பெயர்கூடப் போட வேண்டியதில்லை, ஆனாலும் அந்த லோகோக்கள் நிறுவனங்களின் டிரேட்மார்க், அவர்கள் விதிகளையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ஐகானை எஸ்விஜி கோப்பாகப் போட்டேன் சார், சிஎஸ்எஸ்ஸில் கலர் மாற்றினால் மாறவே மாட்டேன் என்கிறது.

பதில்: இமேஜ் டேக்கில் போட்டிருப்பீர்கள், பக்கத்தின் சிஎஸ்எஸ் அதற்குள் போகாது. எஸ்விஜி கோடை அப்படியே எச்டிஎம்எல்லில் ஒட்டுங்கள். அப்புறம் அந்தக் கோடில் ஃபில் (உள்நிறம்), ஸ்ட்ரோக் (கோட்டின் நிறம்) இரண்டையும் பாருங்கள், கறுப்பு என்று நிறம் எழுதியிருந்தால் அந்த இடத்தில் 'கரன்ட்கலர்' என்று மாற்றுங்கள் (ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக). சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தையே ஐகானும் எடுத்துக்கொள்ளும். எழுத்தே இல்லாமல் ஐகான் மட்டும் உள்ள பட்டன் என்றால் பட்டன் டேக்கில் aria-label என்ற இடத்தில் 'தேடு', 'கூடை' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடரில் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கேட்பவருக்கு வெறும் 'பட்டன்' என்றுதான் கேட்கும்.