பொது விநாயகர் விழாவில் விசர்ஜனத்தின் பொருள் என்ன?

பத்து நாள் கொண்டாடிய பிள்ளையாரை ஏன் நீரில் கரைக்கிறார்கள் என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. விசர்ஜனம் என்றால் விடைகொடுத்து அனுப்புதல். களிமண் உருவில் மந்திரத்தால் எழுந்தருளச் செய்த இறைவனை, வழிபாடு முடிந்ததும் வழியனுப்பி, மண்ணை மண்ணோடு சேர்ப்பதே அது. உருவம் நிலையற்றது, இறைமை அதற்குள் அடங்கிவிடாது என்பதே இதன் அடிப்படை. வந்த விருந்தினரை உபசரித்து, தெருமுனை வரை கூடச் சென்று அனுப்புவதைப் போன்றது. மகாராஷ்டிரத்து வீடுகளில் உத்தரபூஜை எனப்படும் நிறைவு வழிபாட்டின்போது பிள்ளையாரின் கையில் சிறிது தயிர் வைத்து, சிலையைச் சற்றே நகர்த்துவார்கள். கரைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை, சிலையை எடுத்துச் சென்ற அதே மணைப்பலகையில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

1893-இல் திலகர் விநாயகர் விழாவைப் பொதுவிழாவாகப் பரப்பியதே மக்களை ஒன்றுதிரட்டத்தான். ஆகவே விழாவில் திரளும் கூட்டத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. மும்பை கிர்காவில் கேசவ்ஜி நாயக் சால் என்ற தொகுப்புக் குடியிருப்பில் அதே ஆண்டு தொடங்கிய விழா இன்றும் சிறிய களிமண் சிலையோடுதான் நடக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையோ எளிதில் கரையாமல், உடைந்த கையும் துதிக்கையுமாய்க் கரையொதுங்கும்போது சடங்கின் பொருளே முறிந்துவிடுகிறது; ஒலிபெருக்கி இரைச்சலைவிட இதையே பெரிய இழப்பு என்பேன்.

கடலில் கரைத்தால்தான் பூஜை நிறைவேறும் என்று பலர் எண்ணுகின்றனர். உத்தரபூஜையோடு வழிபாடு நிறைவுபெற்றுவிடுவதால், வீட்டு வாளி நீரில் கரைத்தாலும் அது விசர்ஜனமே.