பாகுநிலையைக் குறைத்தாலும் அலை அடங்குகிறதே?

கேள்வி: குவார்க்-குளுவான் பிளாஸ்மா (புரோட்டான், நியூட்ரான்கள் உருகிய கடும்வெப்ப நிலை) போன்ற, ஏறக்குறைய உள்ளுராய்வின்றி ஓடும் பாய்மத்துக்குச் சிமுலேஷன் எழுதுகிறேன். வெப்ப இரைச்சலை (வெப்பத்தால் எழும் தற்செயல் அசைவுகளை) சேர்த்ததும், நான் கொடுத்த பாகுநிலைக்கு (viscosity) ஒலியலை அடங்கவேண்டிய வேகத்தைவிடச் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பாய்மத்தைப் பிரித்திருக்கும் கட்டங்களைச் சிறிதாக்கினால் இன்னும் மோசம். நிரலில் பிழையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். அசையாத பாய்மத்தில், ஒரு திசையில் கட்டத்தின் வேகத்தை வர்க்கித்துச் சராசரி எடுத்தால், போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலையைக் கட்டத்தின் நிறையால் வகுத்த அளவு வரவேண்டும். (ஒளிவேகத்தை ஒட்டிய சார்பியல் பாய்மத்தில் நிறைக்குப் பதில் என்தால்பி, அதாவது ஆற்றலோடு அழுத்தம் × கனஅளவைக் கூட்டிய அளவு.) அதிகமாக வந்தால், பாகுநிலையைக் குறைத்தபோது இரைச்சலைக் குறைக்க மறந்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கவேண்டும்.

அது சரியாக இருந்தால், நீங்கள் பார்ப்பது இயற்பியல்தான். பாகுநிலை என்பது ஒரு படலத்தின் உந்தம் பக்கத்துப் படலத்துக்குப் போவது. அந்த உந்தத்தை வெப்பத்தால் எழும் குட்டி ஒலியலைகளும் சுழல்களும்கூடச் சுமந்து செல்கின்றன. பாகுநிலை குறையக் குறைய அவை நீண்ட நேரம் பிழைத்திருக்கும். அதிக தூரம் சுமக்கும். ஆக, அவற்றின் பங்கு பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறுகிறது. ஒன்று இறங்க மற்றது ஏறுவதால், கூட்டுத்தொகை ஓர் அளவுக்குக் கீழே போகாது. கோவ்துன், மூர், ரொமாச்கே மூவரும் 2011இல் இதைச் சார்பியல் பாய்மத்துக்குக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பாகுநிலையை என்ட்ரோபி அடர்த்தியால் (ஒரு கனஅளவில் உள்ள ஒழுங்கின்மையின் அளவால்) வகுத்தால் 1/4πக்குக் கீழே போகாது (ħ/k அலகில்; ħ பிளாங்க் மாறிலியை 2πஆல் வகுத்தது, k போல்ட்ஸ்மன் மாறிலி) என்ற 2005ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஊக எல்லை இதிலிருந்து வேறு. அது ‘நிறங்களின்’ (குவார்க்குகளின் ஒருவகை மின்னூட்டம் போன்ற பண்பின்) எண்ணிக்கை முடிவிலியாக உள்ள கோட்பாடுகளில் வந்தது; அங்கே இந்த அலைகளின் பங்கு மறைந்துவிடும். சாதாரணத் தண்ணீர் அந்த எல்லையைப்போல் சில நூறு மடங்கு. பிளாஸ்மாவோ அதை ஒட்டி நிற்கிறது. இத்தனைக்கும் வெறும் பாகுநிலையை மட்டும் பார்த்தால் பிளாஸ்மா தாரைவிடக் கெட்டி!

சரி, கட்டத்தின் அளவு? பக்கத்தைப் பாதியாக்கினால் குட்டி அலைகளின் பங்கு சுமார் இரட்டிப்பாகும். அதனால் நீங்கள் உள்ளே கொடுக்கும் எண்ணும் வெளியே அளக்கும் பாகுநிலையும் ஒன்றல்ல. ஒவ்வொரு கட்ட அளவுக்கும், அளந்த மதிப்பு மாறாதபடி உள்ளீட்டைத் திருத்துங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சமன்பாட்டில் அலைகளை ஒன்றோடொன்று கலக்கும் நேரியல் அல்லாத உறுப்புகளை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த உபரி அடங்கல் காணாமல் போகும். திருத்திய உள்ளீடு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், அந்தக் கட்டத்தில் பாய்மவியலே செல்லாது; கட்டத்தைப் பெரிதாக்குங்கள்.