வேலை போகும் நிலையில் சேமிப்பைக் கொண்டு எந்தக் கடனை அடைப்பது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது. இன்னும் நான்கைந்து மாதங்களில் என் முறையும் வரலாம். என் ஒருவன் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. வீட்டுக் கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி மூன்றும் இருக்கின்றன. சேமிப்பு இரண்டரை மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கிறது. அதை எடுத்துத் தனிநபர் கடனை மொத்தமாக முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடனை முடிக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வேலை போன மாதத்தில் வீட்டை நடத்தப்போவது கையில் இருக்கும் ரொக்கம். கடனுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. சம்பளம் நின்றுபோனவருக்குப் புதிதாகக் கடன் கிடைப்பதும் கஷ்டம்.

நீங்கள் எழுதிய தொகைகளை, கையில் வரும் சம்பளம் 100 என்று வைத்துப் பார்க்கிறேன். வீட்டுச் செலவு 45, வீட்டுக் கடன் தவணை 28, தனிநபர் கடன் தவணை 12, கார்டுக்குக் கட்டுவது 5, மாத முதலீடு 10. சம்பளம் முழுவதும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. சேமிப்பு 250. தனிநபர் கடனில் நிலுவை 240, வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம். கார்டு பாக்கி 120, வட்டி மாதத்துக்கு 3 சதவீதம்.

மாதம் 3 சதவீதம் என்றால் சிறிதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறி, ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். தனிநபர் கடனில் இந்த மாத வட்டி 2.8, கார்டில் 3.6. அதாவது 240 கொடுத்துத் தனிநபர் கடனை முடிப்பதைவிட, அதில் பாதியைக் கொடுத்துக் கார்டை முடித்தால் அதிக வட்டி மிச்சமாகிறது. உங்கள் யோசனைப்படி போனால் மிஞ்சுவது 10. அதில் வீட்டுச் செலவு ஒரு வாரம்கூட ஓடாது.

ஆகவே இந்த மாதமே கார்டு பாக்கியை முழுதாகக் கட்டிவிடுங்கள். மினிமம் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் லிமிட் திரும்பக் கிடைக்குமே, ஆபத்துக்கு உதவுமே என்று அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். லிமிட்டைக் கார்டு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம்.

இப்போது கையில் 130 இருக்கும். மாத முதலீட்டை நிறுத்தி வையுங்கள். கார்டுக்குப் போன 5 இனி மிச்சம். வீட்டுச் செலவை 36க்குள் கொண்டுவர முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு அதிகம் தவிக்கிறார்கள். மூன்றும் நடந்தால் மாதம் 24 சேரும், நான்கு மாதத்தில் கையிருப்பு 226. சம்பளம் இல்லாத மாதத்தில் உங்களுக்கு வேண்டியது 76. ஆக, ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கலாம். போதுமா என்றால் போதாது, ஆறு மாதம் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. அதற்கு இன்னொரு வழி, அந்த 76ஐக் குறைப்பது.

அதற்கான நேரம் இதுதான், சம்பளச் சீட்டு கையில் இருக்கும் நேரம். வீட்டுக் கடன் வங்கிக்குப் போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மொத்தத்தில் வட்டி கூடும், உண்மைதான். வேறு வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டி அதைச் சரிசெய்துகொள்ளலாம். வேலை போன பிறகு இதே கோரிக்கையோடு போனால் பதில் வேறாக இருக்கும்.

மருத்துவக் காப்பீடு, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாக மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது வேலையோடு போய்விடும். குடும்பத்துக்குத் தனி பாலிசியை இப்போதே எடுங்கள். சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது இப்போதே ஓடத் தொடங்கட்டும். பிரீமியத்துக்காக அந்த 24இல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வேலை போய்விட்டால், நிறுவனம் தரும் கணக்குத் தீர்வுத் தொகையை எந்தக் கடனிலும் போடாதீர்கள். அதுவும் மாதச் செலவுக்கே. கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும் என்றால் வீட்டுச் செலவு முதலில், அடுத்து வீட்டுக் கடன், கடைசியில் தனிநபர் கடன். வீட்டுக் கடனுக்கு வீடே அடமானம், தனிநபர் கடனில் முதலில் அடிபடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர். தவணை கட்டுவதற்காக உடனடிக் கடன் செயலிகள் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

இந்தக் கையிருப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடன் கொடுத்த வங்கியிலேயே வைத்தால், தவணை தவறும்போது உங்கள் கணக்கிலிருந்து வங்கி தானாக ஈடுகட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் தனிக் கணக்கு திறந்து, அந்த 130ஐ முதலில் அங்கே மாற்றுங்கள்.