கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டி போய்வரும் காருக்குச் சத்தம் குறைந்த, கட்டுப்படியான டயர் எது?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: பழைய ஸ்விஃப்ட், 165/80 ஆர்14 டயர். வார நாட்களில் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு அலுவலகம், அவ்வப்போது கோவை. டயர் இரைகிறது, தேய்ந்தும்விட்டது. வெயில், மழை, பனி எல்லாவற்றுக்கும் ஒரே டயராக, சத்தமில்லாமல், அதிகச் செலவில்லாமல் வேண்டும்.

மழையில் பிடிக்கும் டயரை முதலில் தேடுங்கள். அப்படிப்பட்டவற்றுள் மென்மையாக ஓடுவதை எடுங்கள். சத்தம் மூன்றாவதாக வரட்டும். நான் குன்னூர்க்காரன், வருடக்கணக்காக இதே மலையில் ஏறி இறங்கி ஓட்டுகிறவன் என்ற உரிமையில் உங்கள் வரிசையை மாற்றுகிறேன்.

காரணம் எளிது. சீரான வேகத்தில் ஓடும் காரில் ஏறக்குறைய 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகுதான் டயரின் சத்தம் எஞ்சின் சத்தத்தை மிஞ்சும். கட்டபெட்டு வழியாக ஊட்டி ஏறும்போது அந்த வேகம் எத்தனை நிமிடம் கிடைக்கும்? இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சின்தான் கத்திக்கொண்டிருக்கும். டயர் இரைவது உங்கள் காதுக்குத் தெளிவாக எட்டுவது மேட்டுப்பாளையம் தாண்டி, காரமடை, பெரியநாயக்கன்பாளையம் என்று சமவெளிச் சாலை வரும்போதுதான். எப்போதாவது போகிற அந்த வழிக்காக, தினமும் போகிற வழியின் பிடிப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தினமும் போகிற வழி எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஊட்டி இரண்டிலும் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி நாளில் எந்த டயரும் உதவாது, விடுப்பு எடுப்பதே நல்லது. நான் சொல்வது சாதாரண நாட்களை. தூறல், மூடுபனி, நிழலில் காயாமலே கிடக்கும் தார், அதன்மேல் கற்பூர மரத்து இலைகள், காய்கறித் தோட்டத்திலிருந்து ஏறிவரும் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் சேறு. இந்த இடங்களில் நம்முடைய வேகம் குறைவு என்பதால், சமவெளியில் நடப்பதுபோல டயர் தண்ணீரின்மேல் மிதந்து வழுக்குவது அரிது. ரப்பர் ஈரத்தில் ஒட்டுகிறதா என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது பட்டன்களின் (டயரின் மேற்பரப்பில் தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின்) வடிவத்தைவிட ரப்பர் கலவை. சிலிக்கா கலந்த கலவைகள் ஈரத்திலும் குளிரிலும் நன்றாகப் பிடிக்கின்றன.

'ஆல் சீசன்' என்ற சொல்லைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வெளிநாடுகளில் கோடைக்கு ஒரு டயர், பனிக்காலத்துக்கு ஒரு டயர் என்று மாற்றுகிறார்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பது அங்கே வழக்கமான கணக்கு. நம் ஊர்க் கடைகளில் தொங்குபவை வருடம் முழுவதும் ஒரே செட்டில் ஓட்டுவதற்கென்றே விற்கப்படுபவை. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது, உண்மை. ஆனால் அந்த உறைபனி புல்வெளியிலும் வெளியே நிறுத்திய கார்களின் மேலும்தான் பெரும்பாலும் படிகிறது. சாலையில் பனி குவிகிற ஊர் இல்லை இது. டயரின் ஓரத்தில் 'எம் பிளஸ் எஸ்' (சேறு, பனி) என்று அச்சிட்டிருப்பது தயாரிப்பாளர் தாமாகப் போட்டுக்கொள்ளும் அடையாளம். மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் மட்டுமே பனியில் சோதித்துத் தரப்படுவது. இரண்டுக்காகவும் நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. குளிர்காலக் காலைகளில் முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போனால் போதும்.

இனி சத்தம். கடைக்குப் போவதற்கு முன் இப்போது வரும் இரைச்சல் எதனுடையது என்று கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் சில மாதங்களில் அதே பாட்டைப் பாடும்.

டயரின் சத்தம் பல வழிகளில் பிறக்கிறது. ஒவ்வொரு பட்டனும் தார்மேல் அறைகிறது. பள்ளங்களில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுகிறது. டயருக்குள் இருக்கும் காற்றும் அதிர்கிறது. எல்லாப் பட்டன்களும் ஒரே நீளத்தில் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் அவற்றின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறார்கள். புது டயரில் சத்தம் குறைவாக இருப்பதன் ரகசியத்தில் பாதி இது. பட்டன்கள் கோணலாகத் தேயத் தொடங்கினால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் திரும்பும் வண்டியில் முன் டயர்களின் வெளி விளிம்பு முதலில் போவது இயல்பு. ஸ்விஃப்ட் முன் சக்கரங்களால் இழுக்கும் வண்டி வேறு. ஏற்றத்தில் இழுப்பதும், திருப்புவதும், இறக்கத்தில் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அதே இரண்டு டயர்கள்.

உள்ளங்கையைப் பட்டன்களின் மேல் குறுக்கே ஒரு பக்கமாகவும், பிறகு எதிர்ப்பக்கமாகவும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். சமவெளியில் போகும்போது சாலையின் மேற்பரப்பு மாற மாறச் சத்தமும் மாறினால் அது டயர். சாலை ஒன்றாகவே இருக்க, மெல்ல இடமோ வலமோ ஒடிக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது பெரும்பாலும் வீல் பேரிங். பேரிங்கின் இரைச்சலுக்காக நான்கு டயரை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. பாவம், அவர் என்ன செய்வார்!

வளைவில் மட்டும் 'கிரீச்' என்று கத்துகிறதா? அது வேறு கதை. காற்றுக் குறைவு, வேகம் அதிகம், அல்லது வயதாகிக் கெட்டிப்பட்ட ரப்பர்.

அட்டையில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நம்பி வாங்கலாமா என்றால், ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய லேபிளில் இருக்கும் சத்த அளவு, கார் கடந்து போகும்போது சாலையோரத்தில் வைத்த மைக்கில் அளந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் காதுக்கு எவ்வளவு வருகிறது என்பதை அது சொல்லாது. நம் நாட்டிலும் 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்பு டயர்களுக்கு ஈரப்பிடிப்பு, உருளும்போது வரும் தடை, சத்தம் மூன்றுக்கும் ஏஐஎஸ் 142 என்ற தரம் கட்டாயமாகியிருக்கிறது. அது தேர்ச்சி மதிப்பெண் மாதிரி. முதல் மாணவன் யார் என்று அதிலிருந்து தெரியாது.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். உங்கள் அளவில், என் வரிசையில் முதலில் மிச்செலின் எனர்ஜி எக்ஸ்எம்2 பிளஸ். தேய்ந்த பிறகும் ஈரத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதையே முன்வைத்து விற்கப்படுவது. மலைக்கு அதுதானே வேண்டும்? ஓட்டமும் அமைதி. விலை சற்று அதிகம். அது கையைக் கடித்தால் யோகோஹாமா எர்த்-1. சொகுசுக்கும் எரிபொருள் சிக்கனத்துக்குமான டயர், நேர்ச்சாலையில் நன்றாக அடங்கி ஓடும். அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் எக்ஸ்3, பிரிட்ஜ்ஸ்டோன் ஸ்டர்டோ, எம்ஆர்எஃப் இசட்விடிவி போன்றவை நீண்ட நாள் உழைப்பதற்குப் பெயர் வாங்கியவை. டாக்சிக்காரர்களுக்கு இவைமேல் தனி அன்பு. கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டால் இவைதான் ஜெயிக்கும். சமவெளியில் ஓட்டுபவராக இருந்தால் நானும் மறுபேச்சில்லாமல் இவற்றில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். ஆனால் நீண்ட உழைப்பும் ஈரப்பிடிப்பும் ஒரே கலவையில் உச்சத்தில் இருப்பது கடினம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கொஞ்சம் இறங்கும். மலைக்காரருக்கு நான் பிடிப்பின் பக்கம் சாய்வேன்.

அகலமான டயர் போடச் சொல்லிக் கடையில் ஆசை காட்டுவார்கள். 185/70 ஆர்14 உங்கள் ரிம்மில் ஏறும், மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், பார்க்கவும் கம்பீரம். ஆனால் அகலம் கூடினால் சத்தம் கூடும், ஸ்டீயரிங் கனக்கும், எரிபொருளும் கொஞ்சம் அதிகம் குடிக்கும். நீங்கள் கேட்ட அமைதிக்கும் சிக்கனத்துக்கும் எதிர்த்திசை. கம்பெனி கொடுத்த அளவிலேயே இருங்கள்.

வாங்கும்போது டயரின் ஓரத்தில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு மாதத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலையில் சின்னக் கடைகளில் சரக்கு மெதுவாகத்தான் நகரும். தேர்ந்தெடுக்க வசதியும் பேரம் பேச இடமும் மேட்டுப்பாளையம், கோவையில் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. யாராவது அதற்கு முந்தைய விலைப்பட்டியலை எடுத்து நீட்டினால் விழித்துக்கொள்ளுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு மூன்றையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

கீழே புது டயரை மாட்டிவிட்டு அன்று மாலையே மழையில் பர்லியார் வழியாக ஏறிவரத் திட்டம் போடாதீர்கள். புது டயரின் மேல்தோல் வழுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி அந்தத் தோல் உரிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அதற்குப் பரிசோதனைக் கூடமாக்க வேண்டாம். காலையில் மாட்டி, பகல் வெளிச்சத்தில் மெதுவாக ஏறுங்கள்.

காற்றைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து டயர் ஊதிக்கொள்ளும், அதனால் இரண்டு பாயிண்ட் இறக்கிவிட வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு வந்தால் அந்தக் காரணத்தால் மீட்டரில் ஏறக்குறைய 3 பாயிண்ட் கூடும். ஆனால் கூடவே 20 டிகிரி குளிர்ந்தால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 3 பாயிண்ட் குறையும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். எனவே இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில், ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவை வையுங்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை.

எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போட்டு, அப்போதே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். மலையில் ஓடும் முன்சக்கர வண்டிக்கு நான் எட்டாயிரத்தைத் தாண்ட விடமாட்டேன். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் சிறு மேடாகத் தெரிகிற அடையாளம் அந்த எல்லையைக் காட்டுவது. ஐப்பசி மழை தொடங்கும்போது 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம்.

கையில் பணம் இப்போது இரண்டு டயருக்கு மட்டும்தான் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள், பின்னால் இருக்கும் பழையதில் நல்லது முன்னால் வரட்டும். இழுக்கும் சக்கரம் முன்னால்தானே என்று மெக்கானிக் வாதிடுவார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைச் சமாளிக்க நம்மில் பலருக்குத் தெரியாது.

பழைய நான்கையும் கடையில் தள்ளிவிட்டு வருவதற்கு முன் ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். ஒருமுறைகூடச் சாலையைத் தொடாத டயர் என்றாலும் வண்டி வாங்கிய வருடத்தினுடையது என்றால் ரப்பர் கெட்டிப்பட்டு, ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கும். கழற்றிய நான்கில் சீராகத் தேய்ந்தது, வயது குறைந்தது ஒன்று இருந்தால் அதை ஸ்டெப்னி ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள். மாட்டுகூலி மட்டும்தான் ஆகும்.