குறைமாதத்தில் பிறந்த குழந்தை படிப்பில் பின்தங்கியே தீருமா?

அப்படி ஒரு விதி இல்லை. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறத்தல், இரும்புச்சத்துக் குறைவு, ஈய நச்சு, வறுமை, வீட்டில் ஓயாத சண்டை ஆகிய ஒவ்வொன்றும் கற்றலைப் பாதிக்கக்கூடியதே. எனினும் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் பாதிப்பு பெருகுகிறது.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதுக்குள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடர்களைச் சந்தித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு, 10 வயதுக்குள் கற்றல் அல்லது நடத்தைச் சிக்கல்களோ, 18 வயதுக்குள் குற்றப் பதிவுகளோ மனநலப் பாதிப்போ ஏற்பட்டன. எஞ்சிய ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தனர் என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர் தடுமாறிய வீடுகளில்கூட, பாட்டியோ அத்தையோ வேறு யாரோ ஒருவர் நிலையான அன்புடன் அக்குழந்தைகளுக்குத் துணை நின்றிருந்தார். இளமையில் தடம் மாறியவர்களிலும் பலர் நாற்பது வயதுக்குள் மீண்டெழுந்தனர்.

ஆகவே, பிறந்த வாரத்தை எண்ணி அஞ்சுவதைவிட, குழந்தையின் செவித்திறனையும் பார்வையையும் பேச்சு வளர்ச்சியையும் மருத்துவரிடம் காலந்தவறாமல் பரிசோதித்து வாருங்கள்; குறை தெரிந்தால், பள்ளி வயது வரட்டும் என்று காத்திராமல் அப்போதே பயிற்சியைத் தொடங்குங்கள்.