சண்டிகர் ஸ்டூல் வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் புதிதாக ஃப்ளாட் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். சோபா செட் போட்டால் நடக்க இடமிருக்காது. அதனால் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் பழைய ஸ்டூல்களை ஒன்றொன்றாகச் சேர்க்கலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆன்லைனில் ஒருவர், சண்டிகர் அரசு அலுவலகத்திலிருந்து வந்தது, பியர் ழான்னரே வடிவமைத்தது என்று சொல்லி ஒரு தேக்கு ஸ்டூலைக் காட்டுகிறார். விலை ஒன்றேகால் லட்சம். காலில் வெள்ளைப் பெயின்டில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. புதிதுபோல பாலிஷ் போட்டே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஃபின்லாந்து வடிவமைப்பாளர் ஆல்வார் ஆல்டோவின் மூன்று கால் ஸ்டூல் மேலும் ஒரு கண் இருக்கிறது. அதில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த ஸ்டூலை வாங்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அதைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வந்து வந்து போனார். அவருடைய உறவுச் சகோதரரான ழான்னரேதான் 1965 வரை அங்கேயே தங்கி வேலையைப் பார்த்தவர். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பஞ்சாப் பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்துக்கும் நாற்காலி, மேசை, ஸ்டூல் வேண்டியிருந்தது. ழான்னரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்திய வடிவமைப்பாளர்களும் வரைந்து கொடுத்தார்கள். அங்கிருந்த பல பட்டறைகளில் ஆசாரிகள் அவற்றைச் செய்தார்கள். வரைபடம் ஒன்றேயானாலும் பட்டறைக்குப் பட்டறை கால் கனமும் இணைப்பும் கொஞ்சம் மாறின. செய்தவர் முத்திரை எதிலும் கிடையாது. அலுவலகச் சரக்கு எண்ணைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்று பழைய தேக்கு தாராளமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு ஸ்டூல் செய்து வெள்ளைப் பெயின்டில் நான்கு எழுத்து எழுத ஒரு பிற்பகல் போதும்.

அந்தச் சாமான்கள் பழசானபோது அரசு அலுவலகங்கள் அவற்றைக் கழிவென்று ஏலம் விட்டன. பிரெஞ்சு வணிகர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் அவை லட்சக்கணக்கில் விலைபோன பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம், இவற்றை விற்கவோ கழிக்கவோ கூடாது என்று உத்தரவிட்டது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறு ஆண்டு ஆன பொருளைத்தான் காக்கும். அதனால் வெளிநாட்டு ஏலங்கள் இன்னும் தடையில்லாமல் நடக்கின்றன. இதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு. ஒரு குமாஸ்தாவும் ஒரு மாணவியும் தினமும் உட்கார்வதற்காகச் செய்த சாமான், யாருமே உட்காராத கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, உங்கள் விற்பனையாளருக்கு வருவோம். அந்த ஸ்டூல் பழைய ஏலத்தில் முறையாக வாங்கியதாக இருக்கலாம். அப்படியென்றால் ஏலச் சீட்டோ பழைய ரசீதோ இருக்கும். காகிதம் இல்லையென்றால் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து காணாமல் போனதாகவோ, போன வருடம் செய்ததாகவோதான் இருக்கும். இரண்டுமே உங்கள் வீட்டுக்கு வேண்டாம். காகிதம் இல்லாத தேக்கு ஸ்டூலுக்குத் தேக்கு ஸ்டூலின் விலைதான். அந்த விலைக்குத் தந்தால், அது திருட்டுப் பொருள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பது என்னை இன்னும் எச்சரிக்கையாக்குகிறது. பழைய ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் படிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் உளி பட்ட தடம், ஒற்றைக் கோடு வெட்டிய பழைய திருகாணி, எப்போதோ யாரோ பழுது பார்த்த அடையாளம், கால் தேய்ந்த விதம் எல்லாம் அங்கே இருக்கும். இழைத்துப் பாலிஷ் போட்டால் முதலில் போவது இவைதான். உட்காரும் இடத்தில் பிரம்பு புதிதாக இருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பிரம்பு அறுந்துகொண்டேதான் இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆல்டோ ஸ்டூல் விஷயம் நேர்மாறு. அதன் அசல்தன்மை அதன் காலிலேயே இருக்கிறது. 1933இல் வந்த வடிவம் அது. இன்று ரஷ்யாவில் இருக்கும் வீபுரி நகர நூலகத்தின் சொற்பொழிவுக் கூடத்துக்கு அதைத்தான் போட்டார்கள். பர்ச் மரக் கட்டையை அப்படியே எடுத்து, வளைய வேண்டிய நுனியில் மட்டும் நார்வாக்கில் மெல்லிய ரம்ப வெட்டுகள் போடுவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் பசை தடவிய வெனீரை, அதாவது மெல்லிய மரத் தகட்டைச் செருகி, செங்கோணமாக வளைத்து இறுக்குவார்கள். பிறகு கால் நேராகப் பலகையின் அடியில் திருகப்படும். சட்டம் இல்லை, குறுக்குக்கட்டை இல்லை. ஆகவே வளைவை உற்றுப் பாருங்கள். அங்கே மட்டும் மெல்லிய கோடுகள் ஓடி, கீழே போகப் போகக் கால் ஒரே கட்டையாக இருக்க வேண்டும். கோடுகள் கால் முழுவதும் அடிவரை ஓடினால் அது ஒட்டுப்பலகையில் செய்த வேறு ஸ்டூல். ஐக்கியா விற்றுவந்த ஃப்ராஸ்டா அப்படிப்பட்டதுதான். அதுவும் நல்ல ஸ்டூல், ஆனால் ஆல்டோ விலைக்கு வாங்கக் கூடாது.

வெண்மையான பர்ச் மரம் வருடங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வெள்ளையாக்குபவர்களைப் பார்த்தால் தடுத்துவிடத் தோன்றுகிறது. ஆல்டோ தம்பதியர் நண்பர்களோடு 1935இல் தொடங்கிய ஆர்டெக் நிறுவனமே 2006 முதல் பள்ளிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் பழைய ஸ்டூல்களைத் திரும்ப வாங்கி, பெயின்ட் கறையோடும் கீறலோடும் அப்படியே விற்கிறது.

நம் வீட்டுக்கென்று ஒரு கவனம் வேண்டும். நாம் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். காலின் வெட்டு முனை அந்த ஈரத்தை உறிஞ்சி ஒரு வருடத்தில் கறுத்துவிடும். வந்த அன்றே ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள். பால்கனி வேண்டாம், பூந்தொட்டியும் மேலே வேண்டாம்.

எங்கே வைப்பது? வரிசையாக நிறுத்தினால் ஷோரூம் மாதிரி ஆகிவிடும். கட்டிலருகே ஒன்று, செருப்பு மாட்டும் இடத்தில் ஒன்று, அப்புறம் சமையலறையில் காய் நறுக்க ஒன்று. இடம் குறைவு என்பதால் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் 1954இல் ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளி மாணவர்களுக்காகச் செய்த ஸ்டூலையும் பாருங்கள். மூன்று பலகை, ஒரு உருளைக் கழி, வேறொன்றும் இல்லை. எந்தப் பக்கம் போட்டும் உட்காரலாம், புத்தகம் அடுக்கலாம், கவிழ்த்துப் பிடித்துச் சாமான் தூக்கிப் போகலாம்.

முதலில் ஆல்டோ ஒன்றை வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், வளைவையும் அடிப்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்தவரிடம் போய்விடலாம்.

அன்புடன்.