கொப்புளத்தைக் குத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம். பிறந்ததிலிருந்தே எங்கே உரசினாலும் கொப்புளம். பரிசோதனையில் ரிசெசிவ் டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று வந்திருக்கிறது. கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ தொடவே கூடாது என்கிறார்கள். எங்கள் இரு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத நோய் இவளுக்கு எப்படி வந்தது?
- ஒரு தாய்

பதில்: டாக்டர் சொல்வதையே கேளுங்கள் அம்மா. பெரியவர்கள் சொல்வது தீப்பட்ட கொப்புளத்துக்குச் சரி. உங்கள் மகளின் தோல் வேறு மாதிரி. மேல்தோலை உள்தோலோடு பிடித்து வைப்பது ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதம். இவளுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, அல்லது மிகக் குறைவு. நீர் சேரச் சேர அந்த அழுத்தமே பக்கத்துத் தோலையும் பிரித்துக்கொண்டு போகும். காலையில் பொத்தான் அளவு இருந்தது சாயங்காலம் அவள் உள்ளங்கை அளவு ஆகிவிடும்.

கிருமி நீக்கிய புது ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தின் தாழ்வான ஓரத்தில், தோலுக்குப் படுக்கைவசமாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்படி குத்துங்கள். ஒரே துளை போட்டால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். காஸ் துணியை வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். மேலே இருக்கும் தோலை உரிக்கவே கூடாது. அந்தப் புண்ணுக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. அப்புறம் அதன் மேல் ஒட்டாத சிலிகான் டிரெஸ்ஸிங்.

பிளாஸ்திரி மட்டும் வேண்டவே வேண்டாம். நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது, இதே நோயுள்ள ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தேன். தோலும் கூடவே வந்தது. அன்றிலிருந்து இந்தக் குழந்தைகளின் கேஸ் ஷீட்டில் முதல் வரியாக 'பிளாஸ்திரி கூடாது' என்று எழுதுகிறேன். நீங்களும் ஒரு அட்டையில் எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். மெத்தென்ற விரிப்போடு சேர்த்து, ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழே, மறு கை இடுப்புக்குக் கீழே. சட்டையைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள்.

எப்படி வந்தது? உங்கள் இருவரிடமும் அந்தக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவின் ஒரு பிரதி பழுது, இன்னொன்று நல்லது. நல்லது ஒன்று இருந்தாலே போதும் என்பதால் உங்களுக்கு நோய் இல்லை. இவளுக்கு இரண்டு பழுதும் வந்து சேர்ந்துவிட்டன. கர்ப்பத்தில் நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. தொற்றவும் தொற்றாது, தைரியமாக மற்ற குழந்தைகளோடு இருக்கட்டும். அடுத்த குழந்தைக்கும் வர ஒவ்வொரு முறையும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்கு முன் மரபியல் ஆலோசனை அவசியம்.

இந்த நோய்ப் புண்களுக்கான பெரிமாஜீன் ஜெபர்பாவெக் என்ற ஜெல்லுக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி, வாரம் ஒரு முறை புண்ணில் விடுவார்கள். புண் ஆறுகிறது. ஆனால் தோல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். உணவுக்குழாயில் வரும் புண்களுக்கு அது எட்டாது. அந்தப் புண்கள் விழுங்குவதைக் கஷ்டமாக்கும் என்பதால், எடை சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இந்த வகையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியே சுற்றிக் கட்டும் முறையை அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் கையாலேயே ஒரு முறை கட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.